உள்மூலம் யாருக்கு வரும், ஏன் வரும்? மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். காய்ச்சல் மாத்திரை வேண்டுமென்றால் சத்தமாகக் கேட்பார்கள். மூலத்துக்குக் களிம்பு வாங்க வந்தவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். கிட்டே வந்து மெல்லிய குரலில் கேட்டு, களிம்பைப் பையில் வைத்த பிறகுதான் மனதில் இருக்கும் கேள்வி வரும்: "இது எதனாலக்கா வருது?"

அப்படிக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்துவிட வேண்டாம். எப்போது போயே ஆக வேண்டும் என்பதைக் கடைசிக்கு முந்தின கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

வெளியில தொட்டுப் பார்த்தா ஒண்ணுமே இல்ல, வலியும் இல்ல, ரத்தம் மட்டும் வருது. இதுதான் உள்மூலமா?

இருக்கலாம். ஆசனவாய்க்குள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் ரம்பப் பல் போல ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் சவ்வுக்கு வலி தெரியாது. கீழே இருக்கும் தோலுக்கு நன்றாகத் தெரியும். கோட்டுக்கு மேலே வீங்குவது உள்மூலம், கீழே வீங்குவது வெளிமூலம். அதனால்தான் உள்மூலம் உள்ளவர்கள் பலர் வலியே இல்லாமல், மலம் கழித்து முடித்ததும் பளிச்சென்று சிவப்பாக ரத்தம் சொட்டுவதைப் பார்த்துத்தான் பயந்துபோய் வருகிறார்கள். மலம் போகும்போது கண்ணாடியால் கிழிப்பது போல வலித்தால், அது பெரும்பாலும் மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு.

முதல் நிலையில் ரத்தம் மட்டும் வரும். இரண்டாம் நிலையில் முக்கும்போது சதை வெளியே வந்து தானாக உள்ளே போய்விடும். மூன்றாம் நிலையில் விரலால் தள்ளினால்தான் போகும். நான்காம் நிலையில் தள்ளினாலும் போகாது.

நல்லா இருந்த உடம்புல இந்தக் கட்டி எங்கேருந்து முளைக்குது?

அது புதிதாக முளைப்பதில்லை. ஆசனவாயின் உள்சுவரில் ரத்தக்குழாய்களும் மெல்லிய தசை நார்களும் சேர்ந்த மூன்று சின்ன மெத்தைகள் பிறக்கும்போதே எல்லோருக்கும் உண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொன்று. குழாய் வாயில் ரப்பர் வாஷர் செய்கிற வேலையை இவை செய்கின்றன. காற்றும் தண்ணீர் மலமும் கசியாமல் வாயை இறுக்கமாக மூடி வைக்கின்றன. இதை வில்லியம் தாம்சன் என்ற அறுவை மருத்துவர் 1975-இல் விளக்கமாக எழுதினார்.

இந்த மெத்தைகளைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் நார்கள் தளர்ந்து, மெத்தை வீங்கிக் கீழே இறங்கும்போதுதான் அதை மூல நோய் என்கிறோம். ஆகவே எந்தக் காரணத்தைக் கேட்டாலும் நான் இரண்டே விஷயங்களைத்தான் பார்ப்பேன். மெத்தைக்குள் ரத்த அழுத்தத்தைக் கூட்டுகிறதா? பிடித்திருக்கும் நாரைத் தளர்த்துகிறதா? இதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

இதுதான் காரணம்னு ஒண்ணைச் சொல்லாம, "வாய்ப்பு அதிகம்"னே சொல்றீங்களே?

ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு, ஒரே கழிப்பறைக்குப் போகும் அண்ணன் தம்பியில் ஒருவருக்கு வருகிறது, ஒருவருக்கு வருவதில்லை. அதனால்தான் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நோயில் ஆய்வுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 1990-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மூலத் தொல்லை 45 முதல் 65 வயதுவரை உச்சத்தில் இருந்து பிறகு குறைந்தது. மலச்சிக்கலோ 65-க்குப் பிறகுதான் வேகமாக ஏறியது. மலச்சிக்கல் மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் சேர்ந்தே ஏறியிருக்க வேண்டும். அதே நாட்டில் வட கரோலினாவில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு (கொலனோஸ்கோபி) வந்த 2,800-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வில், மலச்சிக்கல் உள்ளவர்களிடம் மூலம் கூடுதலாக இருந்தது.

எனவே எதையும் ஒற்றைக் குற்றவாளியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் எதைத் திருத்திக்கொண்டால் பலன் கிடைக்கும் என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும்.

உடம்பு சூடுதானே காரணம்? கோழிக்கறி சாப்பிட்டா மறுநாளே ரத்தம் வருது.

எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூலச்சூடு என்ற சொல்லே நம்மிடம் இருக்கிறது. மறுநாள் ரத்தம் வந்தது உண்மையாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று தட்டில் என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். பிரியாணி, வறுவல், பரோட்டா. காய் இல்லை, கீரை இல்லை, நார்ச்சத்து கிட்டத்தட்ட இல்லை. கோழிக்கறியில் நார்ச்சத்து துளியும் கிடையாது, மைதாவில் மிகக் குறைவு. மறுநாள் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் மெத்தை உரசி ரத்தம் வரும். பழி கோழியின் மேல் விழுகிறது. கூடவே காய் இல்லாமல் போனது யார் கண்ணிலும் படுவதில்லை.

கோழிக்கறியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் பலர் வெள்ளைச் சோறும் தயிரும் அப்பளமுமாகவே வாரம் முழுக்கச் சாப்பிடுகிறார்கள். அதிலும் இதே குறைதான். கறி சாப்பிடும் நாளில் கூட ஒரு கூட்டோ பொரியலோ கீரையோ வையுங்கள், தண்ணீரும் போதுமான அளவு குடியுங்கள்.

காரம் சாப்பிட்டா மூலம் வருமா?

மூலத்தைக் காரம் உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இத்தாலியில் மூலம் உள்ள 50 பேருக்கு மிளகாய் அடைத்த குளிகையையும் வெற்றுக் குளிகையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வெளிவந்தது. எரிச்சலிலும் ரத்தப்போக்கிலும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆசனவாய் வெடிப்பு என்றால் கதையே வேறு. அங்கே காரம் வலியையும் எரிச்சலையும் கூட்டும். நம் ஊரில் வெடிப்பையும் மூலம் என்றே சொல்லிவிடுவதால் இரண்டும் குழம்பிப்போகின்றன. காரம் சாப்பிட்டால் தாங்க முடியாத எரிச்சல் வருகிறது என்பவர்கள், தங்களுக்கு இருப்பது வெடிப்பா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நல்லது.

எனக்கு மலச்சிக்கலே இல்ல, தினமும் போறேன். எனக்கு எப்படி வந்துச்சு?

எத்தனை முறை போகிறீர்கள் என்பது பெரிய விஷயம் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பில் அடங்கும். எப்படிப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மூச்சை அடக்கி முக்குகிறீர்களா? ஆட்டுப் புழுக்கை மாதிரி வருகிறதா? "இன்னும் இருக்கு" என்று கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்கிறீர்களா? தினமும் காலையில் வயிறு காலியானால்தான் அன்றைய பொழுது ஓடும் என்று நினைத்து, உந்துதலே வராதபோதும் உட்கார்ந்து முக்குகிற பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முக்கும்போது ரத்தம் மெத்தைக்குள் இறங்கித் தேங்கி நிற்கிறது. இறுகிய மலம் அந்த மெத்தையை அப்படியே கீழே இழுக்கிறது. அழுத்தமும் இழுவையும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

இன்னொரு பக்கமும் உண்டு. அடிக்கடி வயிற்றுப்போக்கு வருபவர்களுக்கும் மூலம் வருகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை போகும்போது மெத்தைக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வாரக்கணக்கில் பேதி மாத்திரையும் சூரணமும் எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். ரொம்ப இறுகாமலும் ரொம்பத் தளராமலும், பழுத்த வாழைப்பழம் போல வழுக்கி வருவதுதான் நல்லது.

கக்கூஸ்ல போன் பார்த்தா மூலம் வருமாமே, நெஜமா?

போனைப் பார்ப்பதால் வருவதில்லை, அதைப் பார்த்தபடி கூடுதல் நேரம் உட்காருவதால் வரலாம். பாஸ்டன் நகரில் 45 வயதுக்கு மேற்பட்ட 125 பேரிடம் நடத்திய ஆய்வு 2025-இல் வெளியானது. எல்லோருக்கும் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்து மூலம் இருக்கிறதா என்று நேரிலேயே பார்த்தார்கள். கழிப்பறைக்குப் போன் கொண்டுபோகிறவர்கள் 66 சதவீதம். அவர்களுக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தவர்கள் போன் கொண்டுபோனவர்களில் 37 சதவீதம், கொண்டுபோகாதவர்களில் சுமார் 7 சதவீதம். சின்ன ஆய்வுதான், இதுதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் விஷயம் புரிகிறது. கழிப்பறை இருக்கையில் நடுவில் தாங்கல் கிடையாது. முக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அடிப்பகுதி தொய்ந்து, ரத்தம் கீழே தேங்கிக்கொண்டே இருக்கும்.

முன்பு செய்தித்தாள் கொண்டுபோனவர்களுக்கும் இதேதான். யாராவது என்னிடம் ஒரே ஒரு யோசனை கேட்டால், போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். ஐந்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உந்துதல் வரும்போது மறுபடி போகலாம்.

வெஸ்டர்ன் டாய்லெட்டாலதான் வருதாமே? வீட்டுல மாத்திடலாமா?

குத்த வைத்து உட்காரும்போது, மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து வழி நேராகிறது. மலம் சுலபமாக இறங்கும், முக்க வேண்டிய அவசியம் குறையும். அதுவரை சரி. ஆனால் இந்தியன் டாய்லெட்டை மட்டும் பயன்படுத்தினால் மூலமே வராது என்று சொல்ல ஆதாரம் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் இதற்காக வெஸ்டர்னைப் பிடுங்கி எறிய வேண்டாம். காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி வைத்து, முட்டி இடுப்பைவிட உயரமாக வரும்படி கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். வேலை முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

நான் டிரைவர். நாள் பூரா உட்கார்ந்தே இருக்கேன், சீட்டுச் சூட்டுல வந்துடுச்சு.

நாற்காலியில் உட்காருவதும் கழிப்பறையில் உட்காருவதும் ஒன்று இல்லை. நாற்காலி அடிப்பகுதியைத் தாங்குகிறது. மேலே சொன்ன 2015 ஆய்வில் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் மூலம் கூடுதலாக இல்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. சீட்டுச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஓட்டுநர்களிடம் வேறு சில பழக்கங்கள் உண்டு. வண்டியை நிறுத்த முடியாமல் உந்துதலை அடக்குவது, தண்ணீரைக் குறைப்பது, இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா. உந்துதலை அடக்கினால் மலத்தில் இருக்கும் நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாலையில் அதுவே கல்லாகி நிற்கும்.

துணிக்கடையில நிக்கிற வேலைக்கா. பாத்ரூம் போக விட மாட்டாங்க, அதனால தண்ணியே குடிக்க மாட்டேன்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பெண்கள் பலர். ஒவ்வொரு முறையும் மனது கனத்துப்போகும். நிற்பதால் மூலம் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்காமல் பத்து மணி நேரம் அடக்கி வைப்பது மலத்தை இறுக்கும் என்பது உறுதி. சிறுநீர்த் தொற்றும் அப்படித்தான் வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். அது போலவே கழிப்பறைக்குப் போகிற பத்து நிமிடமும் ஒரு தொழிலாளியின் உரிமைதான். முதலாளிகள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள்.

உங்களால் செய்ய முடிந்தது: வேலைக்குக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் எழுந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அந்த நேரத்தை விட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதால்தான் பலருக்கு நாள் முழுக்கச் சிக்கல்.

ஏழு மாசமா இருக்கேன். இதுக்கு முன்னாடி இந்தப் பிரச்சினையே கிடையாது.

கர்ப்பத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்டப் பாதி மடங்கு கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்துகிறது, குடலின் வேகத்தையும் குறைக்கிறது. கருப்பை பெரிதாகி இடுப்பு ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. போதாததற்கு இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். கடைசி மூன்று மாதங்களிலும் பிரசவத்தை ஒட்டியும் மூலம் வருவது மிகச் சாதாரணம். உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை.

இரும்பு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இறுக்கம் அதிகமாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாற்றித் தருவார். இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். கடையில் நீங்களாகக் களிம்பு வாங்கிப் போட வேண்டாம், எந்தக் களிம்பு என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும்.

அப்பாவுக்கு இருந்துச்சு, பாட்டிக்கும் இருந்துச்சு. எனக்கும் வந்தே தீருமா?

வந்தே தீரும் என்று இல்லை. 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை வைத்து 2021-இல் வந்த ஆய்வில், மூலத்தோடு தொடர்புடைய 102 மரபணுப் பகுதிகளைக் கண்டுபிடித்தார்கள். தசை, இணைப்புத் திசு, ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டவை பல. முன்னால் சொன்ன "பிடித்திருக்கும் நார்" சிலருக்குப் பிறவியிலேயே கொஞ்சம் தளர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பத்தில் மரபணு மட்டும் வருவதில்லை. ஒரே சமையல், "இன்னும் கொஞ்சம் முக்கு" என்று குழந்தைக்குச் சொல்லித் தருகிற பழக்கம், எல்லாமும் சேர்ந்தே வருகின்றன. மாற்ற முடிந்தவை அவைதான்.

ஜிம்முல வெயிட் தூக்கறதை நிறுத்தணுமா?

மூச்சை அடக்கித் தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், முக்கும்போது நடப்பதேதான். மூட்டை தூக்குபவர்களிடமும் இதைக் கேட்கலாம். ஆனால் இதற்கான ஆதாரம் பலமாக இல்லை. தூக்கும்போது மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள். ரத்தம் வரும் நாட்களில் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், புரதப் பொடியும் முட்டையும் கோழியும் மட்டுமே சாப்பிட்டுக் காயை மறந்துவிடக் கூடாது. ஜிம்முக்குப் போகிற பையன்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

குண்டா இருந்தா வருமா? வயசானாதான் வருமா?

எடையைப் பற்றி ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ஆஸ்திரியாவில் 976 பேரைப் பரிசோதித்த 2012 ஆய்வில் எடை கூடியவர்களிடம் மூலம் அதிகம். வட கரோலினா ஆய்வில் அப்படி இல்லை.

வயதோடு நார்கள் தளர்வது உண்மை. ஆனால் 22 வயதிலும் வருகிறது. அந்த ஆஸ்திரியா ஆய்வில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு மூலம் இருந்தது, பெரும்பாலும் முதல் நிலை. ஆகவே வந்துவிட்டதே என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நான் சாப்பிடுற வேற மாத்திரையால வருமா?

நேராக வராது, மலத்தை இறுக்கி வழி செய்யும். இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் கலந்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள், டிராமடால் போன்ற வலி மாத்திரைகள், கோடீன் உள்ள இருமல் மருந்துகள் எல்லாம் இறுக்குபவை. ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் மூலத்தை உண்டாக்குவதில்லை, இருக்கும் மூலத்தில் ரத்தப்போக்கைக் கூட்டலாம். இதய மாத்திரையை நீங்களாக நிறுத்துவது மூலத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

குடிக்கிறவங்களுக்கு, கல்லீரல் கெட்டவங்களுக்கு மூலம் அதிகமா வருமா?

கல்லீரல் சுருங்கியவர்களுக்கு மலக்குடலில் ரத்தக்குழாய்கள் புடைக்கலாம். அது மூலம் இல்லை, வேறு நோய், அதிலிருந்து ரத்தம் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சையும் வேறு. கல்லீரல் நோய் உள்ளவர்கள் ரத்தத்தைப் பார்த்தால் களிம்புக்கு வராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

கருணைக்கிழங்கு சாப்பிட்டா சரியாகிடும்னு பாட்டி சொல்றாங்க.

பாட்டி சொல்வது முழுக்கத் தள்ளிவிடக் கூடியது இல்லை. கிழங்கில் நார்ச்சத்து இருக்கிறது. மூலத்துக்கு நார்ச்சத்து நல்லது என்பது சோதித்துப் பார்த்த விஷயம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2005-ஆம் ஆண்டுத் தொகுப்பில், நார்ச்சத்து எடுத்தவர்களுக்கு ரத்தப்போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் வாரம் ஒரு நாள் கருணைக்கிழங்கு மசியல் போதாது. நமக்கு ஒரு நாளைக்குச் சுமார் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்தால், தீட்டிய அரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம்தான், கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம், கொய்யாவில் 8 கிராமுக்கு மேல். காலையில் கேழ்வரகுத் தோசை, மதியம் கீரை, சாயங்காலம் ஒரு கொய்யாவோ ஒரு கிண்ணம் சுண்டலோ என்றால் கணக்கு ஏறக்குறைய நெருங்கிவிடும்.

ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். இசப்கோல் (நார்ச்சத்துப் பொடி) எடுப்பவர்கள் கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்.

இதுல எதுவுமே எனக்கு இல்ல, ஆனா ரத்தம் வருது. அப்ப என்ன?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. ரத்தம் வந்தாலே மூலம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூலம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மலக்குடல் புற்றுநோயும் இதே மாதிரி ரத்தத்தோடு தொடங்கலாம். மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு போட்டுவிட்டு, கடைசியில் புற்றுநோய் என்று தெரியவந்த ஒருவரை எனக்குத் தெரியும். களிம்பை எடுத்துக் கொடுத்தவள் நான். அதற்குப் பிறகுதான் இரண்டாவது முறை களிம்பு கேட்டு வருபவரிடம் "டாக்டரைப் பார்த்தீங்களா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ரத்தம் மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாகவோ, தார் போலக் கருப்பாகவோ வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், எடை குறைந்தால், சளி போல வந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால் போக வேண்டும். 45 வயதுக்கு மேல் முதல்முறையாக ரத்தம் வந்தால் போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட வந்துகொண்டே இருந்தாலும் போங்கள், அதனாலேயே ரத்தசோகை வந்து மாடிப்படி ஏற மூச்சு வாங்கியவர்கள் உண்டு.

காட்டவே கூச்சமா இருக்குக்கா. அங்க என்னதான் பண்ணுவாங்க?

மருத்துவர் முதலில் கேள்விகள் கேட்பார். பிறகு இடப்பக்கமாக ஒருக்களித்து, முட்டியை வயிற்றை நோக்கி மடக்கிப் படுக்கச் சொல்வார். மேலே துணி போர்த்தியிருக்கும். கையுறை போட்ட விரலில் வழுவழுப்பான களிம்பு தடவி உள்ளே தொட்டுப் பார்ப்பார். அடுத்து விரல் பருமனுள்ள ஒரு சின்னக் குழாயை வைத்து உள்ளே பார்ப்பார், ஏனென்றால் உள்மூலம் விரலுக்குச் சரியாகத் தட்டுப்படாது. எல்லாம் சில நிமிடம்தான். கூச்சம் இருக்கும், வெடிப்பு இல்லையென்றால் பெரிதாக வலிக்காது.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு செவிலியர் கூட இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அது நியாயமாகக் கேட்கக்கூடியதுதான். வாயைத் திறந்து சொல்ல வரவில்லை என்றால் "மலம் போகும்போது ரத்தம் வருகிறது, இத்தனை நாளாக" என்று ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.